‘வா’ இல்லாத ‘போ’

திருநாவலூர்
4-9-2023

ஆயம்மாளுக்கு,

போன மாதம் காதுகுத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை, கச்சிராயபாளையம் அய்யனார் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நீ, நான். உன் மகன் தங்கதுரை, அவன் பெண்டாட்டி ஜெயசுதா. காது குத்திக்கொண்ட குழந்தை தேவதர்ஷினி. அதைப் பெற்ற உன் பேத்தி தனுஷா, தனுஷாவின் மாமியார் அம்சவள்ளி. தாய்மாமன் மடி கொடுத்த உன் பேரன் சரத்குமார். உன் பக்கத்து வீட்டுப் பூமாலை. என்னை அழைத்து வந்த என் மகன் தமிழரசன். காது குத்திய ஆதிமூலம் ஆசாரி. வேன் டிரைவர் பெயர் தெரியாது, ஆனால் அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

இத்தனை பேர் பெயரும் எதற்கென்றால், இத்தனை பேருக்கு முன்னால்தான் நீ என்னை அவமானப்படுத்தினாய். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை, நான் பார்க்கவில்லை என்று சொல்லக்கூடாது.

காலையில் குழந்தைக்கு மொட்டை போட்டார்கள். பிறகு காது குத்தினார்கள். குத்தும்போது நீ ஏதோ பழைய கதை சொன்னாய், எல்லோரும் சிரித்தோம். சாப்பாடு வேப்பமரத்தடியில். ரசத்தில் புளி கம்மி, அதை அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு வேன் பக்கம் வந்தோம். தாம்பூலப் பையை என் கையில் கொடுத்தாய். நான், “வரேன் ஆயம்மா” என்றேன். நீ என்னைப் பார்த்து, “போ” என்றாய்.

அவ்வளவுதான். போய்ட்டு வா என்று வரவில்லை. சில்லறை கேட்டு வாசலில் நிற்கிறவனைக்கூட போய்ட்டு வாப்பா என்றுதான் அனுப்புகிறோம். கிளம்புகிறவரை வெறும் போ என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூடப் பிறந்தவளை, மூத்தவளை, நல்ல காரியம் நடந்த இடத்தில் சொல்லிவிட்டாய்.

உனக்குத்தான் காது கேட்காதே என்று சொல்லித் தப்பிக்காதே. போனில் பேசினால்தான் எனக்குக் கேட்பதில்லை, அதனால்தான் இந்தக் கடுதாசி. நேரில் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். போ சொல்ல உதடு குவியும். வா சொல்ல வாய் திறக்கும். உன் உதடு குவிந்தது. அப்புறம் மூடிக்கொண்டது.

இதற்கு நீ பதில் சொல்லவேண்டும்.

எனக்கு முழங்கால் வலி எங்கேயும் போகாமல் அப்படியே இருக்கிறது. உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எழுது.

ராஜாம்பாள்


கச்சிராயபாளையம்
14-9-2023

அக்காவுக்கு ஆயம்மாள் எழுதுவது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மலையில் மழை. அணைக்குத் தண்ணீர் வருகிறது என்கிறார்கள்.

கடுதாசி வந்தது. கோபமாக எழுதியிருக்கிறாய். கோபம் எனக்குத்தான் வரவேண்டும் அக்கா. நீ சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாய். சாப்பிட்டுக் கை கழுவினாய். “இரு யக்கா, தாம்பூலப் பை எடுத்துக்கினு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். பைகள் கோயில் சுவரோரம் கோணியில் இருந்தன. நல்ல தேங்காயாகப் பார்த்து, பெரிய பையாக எடுத்தேன். திரும்பினால் வேன் இல்லை. பையோடு நின்றேன். நீ போனதை நான் பார்க்கவே இல்லை. பார்க்காதவளை எப்படிப் போ என்று சொல்வேன்?

பூமாலையும் படித்துவிட்டு, “விடு பெரிம்மா, வயசானா எல்லாருக்கும் அப்டித்தான்” என்றாள். உன்னைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

செவலை மாடு கன்று போட்டதா? கிடாரியானால் எனக்குச் சொல்லி அனுப்பு.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

ஆயம்மாள்


திருநாவலூர்
21-9-2023

ஆயம்மாளுக்கு,

முழங்காலை இரண்டு தடவை விசாரித்திருக்கிறாய். ஒரு தடவை போதும். வலிக்கிறது.

செவலை மாட்டை விற்று மூன்று வருஷம் ஆகிறது. விற்ற அன்றைக்கு நீ இங்கே இருந்தாய். மாடு தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று அழுதவள் நீ.

தாம்பூலப் பையோடு நின்றேன் என்கிறாய். அந்தப் பையில் இருந்த தேங்காயை உடைத்துத்தான் மறுநாள் இங்கே சட்னி அரைத்தேன். தமிழரசன் நாலு இட்லி கூடத் தின்றான். கொடுக்காத பை என் வீட்டுக்கு எப்படி வந்தது?

வேண்டுமென்றே செய்துவிட்டுத் தெரியாதவள் போல எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சொன்னேன் என்று ஒரு வரி எழுது. எழுதும்வரை இந்த வீட்டில் இருந்து பலகாரம் வராது, தீபாவளிக்கு நானும் வரமாட்டேன்.

சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவில்லை.

ராஜாம்பாள்


உளுந்தூர்பேட்டை
3-10-2023

பெரியம்மா அவர்களுக்கு தங்கதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்பும் தமிழரசன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஜெயசுதா உங்களை விசாரித்தாள்.

நீங்களும் அம்மாவும் எழுதிக்கொள்கிற கடிதங்களைப் பற்றிப் பூமாலை அக்கா சொன்னார்கள். பெரியம்மா, அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து மாதமாகவே ஒரு மாதிரி இருக்கிறார்கள். போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். லேசான மறதி, வயதில் வருவதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, இப்போதைக்குப் பயமில்லை என்றார்.

ஒரு சின்னக் கதை படித்துக் காட்டித் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒரு பொம்பளை சந்தைக்குப் போகப் பஸ் ஏறுகிறாள் என்று வரும். அம்மா, அவள் கட்டியிருந்த புடவை நிறம் வரைக்கும் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. “எங்கம்மா எறங்குனாங்க?” என்று டாக்டர் கேட்டதற்கு, “அவ எறங்கற எடம் அவளுக்குத் தெரியும். உனக்கு இன்னாத்துக்கு?” என்றார்கள். அந்த ரூமில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஒரு காரியத்தின் ஆரம்பம் நிற்கிறது, அது முடிகிற இடம் நிற்கவில்லை என்று டாக்டர் விளக்கினார்.

கேஸில் பாத்திரம் வைத்துக் கருகியது இரண்டு தடவை. ஜெயசுதா பயந்துபோய் ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துவந்துவிட்டாள். வாரத்தில் நாலு நாள் அவளே அங்கே போய்த் தங்கிச் சமைத்துக் கொடுக்கிறாள். தீபாவளி முடிந்ததும் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மாவை இங்கே கூட்டிவரலாம் என்று இருக்கிறேன். என் டயர் கடைக்கு மேலேயே ஒரு ரூம் இருக்கிறது. ஹைவே சத்தம்தான் இருக்கும். அம்மா வரமாட்டேன் என்கிறார்கள். நான் பொறந்த வூட்ல இருந்து ஒருவாட்டிதான் வெளிய வந்தேன், அது இந்த வூட்டுக்கு, இன்னொருவாட்டி வரமாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் கேட்பார்கள். உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார்கள். அம்மா என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாமல் சரி சரி என்று போய்விடும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். காதுகுத்தில் அவர்கள் என்ன சொல்லியிருந்தாலும் மறதி என்று மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு உங்கள் பிள்ளை,
தங்கதுரை


திருநாவலூர்
11-10-2023

தங்கதுரைக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து உங்கள் அப்பா எழுத்து போலவே வலது பக்கம் சாய்கிறது. அவரும் யாருக்காவது மன்னிப்பு வாங்கிக் கொடுக்கத்தான் எனக்கு எழுதுவார்.

மன்னிப்பு நீ கேட்டு நான் எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லை. மறதி என்கிறாய். சரி. சொன்னதை அப்புறம் மறந்துபோகலாம். சொல்லும்போது என்ன மறதி? இந்த ஒன்றுக்கு உன் டாக்டர் பதில் வைத்திருக்கிறாரா?

அவளுக்கு எழுதச் சொல்கிறாய். யோசிக்கவேண்டும். அவள் எனக்கு இன்னும் பதில் எழுதவில்லை. முறைப்படி அவள்தான் எழுதவேண்டும்.

குழந்தையின் காது புண் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடச் சொல்.

ராஜாம்பாள்


கச்சிராயபாளையம்
26-10-2023

அக்காவுக்கு ஆயம்மாள் எழுதுவது. உடம்பை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா? சர்க்கரை எவ்வளவு என்று கேட்டிருந்தாய். எழுதிவைத்த சீட்டு எங்கேயோ இருக்கிறது. குறைவுதான்.

உன்னிடம் இருந்து கடுதாசி வந்து நாளாயிற்று. நான் போட்டதற்கு நீ பதில் போடவில்லையா, நீ போட்டதற்கு நான் போடவில்லையா என்று தெரியவில்லை. பூமாலை, நீதான் போடவேண்டும் பெரியம்மா என்கிறாள். அதனால் போடுகிறேன்.

எனக்கு என்ன நடக்கிறது என்று டாக்டர் தங்கதுரையிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்கிறேன். பாலை அடுப்பில் வைத்தது தெரிகிறது. இறக்கியது தெரிவதில்லை. பூமாலை வந்து உட்கார்ந்தது தெரிகிறது, எழுந்து போனது தெரிவதில்லை. இரண்டு டம்ளர் காபியோடு கூடத்துக்கு வந்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறியது தெரியும். திரும்பி வந்தது தெரியாது. வீட்டில் இருக்கிறேன், அப்படியானால் வந்துவிட்டேன் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். நேற்றும் அதற்கு முந்தின நாளும் ஈரம் காயாமல் அடுக்கிய அப்பளம் போல ஒட்டிக்கொள்கின்றன. பிரித்தால் கிழிகிறது. வலி ஒன்றும் இல்லை. பயமும் எப்போதும் இல்லை.

கஷ்டமாக இருப்பது வேறு. நான் என்ன சொன்னாலும் எல்லோரும் சரி சரி என்கிறார்கள். ஜெயசுதா சேலையை மாற்றச் சொன்னாள். “உன் வேலையைப் பார்த்துக்கினு போடி” என்றேன். முன்னேயானால் அடுப்படியில் பாத்திரம் பறக்கும். இப்போது “சரிங்க அத்தை” என்று சிரித்துவிட்டுப் போகிறாள். முந்தாநாள் சாம்பாரில் உப்பே இல்லை என்று பொய்க்குச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சரிதாங்க என்றாள். என்னோடு சண்டை போட ஒரு ஆள் இல்லை அக்கா.

தங்கதுரை ரெகுலேட்டரை எடுத்துக்கொண்டான். பின்கதவுச் சாவியையும் வாங்கிக்கொண்டான். யாரோ வாத்தியார் குடும்பம் வந்து வீட்டை அளந்து பார்த்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் சேர்த்து அளந்தார்கள்.

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று தங்கதுரை சொன்னான். என்னத்துக்கு மன்னித்தாய்? யாரைக் கேட்டாலும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். நீயும் என்னை உளுந்தூர்பேட்டைக்குப் போகச் சொன்னாய் என்றான். நிஜமா? நீ சொன்னால் போகிறேன்.

ஆயம்மாள்


திருநாவலூர்
3-11-2023

ஆயம்மாளுக்கு,

நான் ஒருத்தரையும் மன்னிக்கவில்லை. தங்கதுரை வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் யாரும் சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன். காதுகுத்து அன்றைக்கு வேன் பக்கத்தில், தாம்பூலப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, வரேன் என்று சொன்ன என்னைப் போ என்று சொன்னாய். போய்ட்டு வா என்று சொல்லவில்லை. இதுதான். செப்டம்பரில் இருந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உளுந்தூர்பேட்டைக்குப் போகச் சொல்லி நான் எழுதவில்லை. போகாதே என்றும் எழுதவில்லை. பாத்திரம் கருகுகிறது, வீடு பற்றிக்கொள்ளும் என்று பிள்ளை பயப்படுகிறான். பிள்ளை வீட்டில் போய் இருப்பது ஊரில் நடக்காததா? எனக்கென்ன இருக்கிறது இதில் சொல்ல.

பொய்க்கு உப்பில்லை என்று சொன்னது தப்பு. அந்தப் பெண் ருசி பார்த்துச் சமைக்கிறவள்.

முறுக்கு சுட்டோம். உனக்கு அனுப்பவில்லை.

ராஜாம்பாள்


கச்சிராயபாளையம்
22-11-2023

அக்கா,

நலமா என்று கடைசியில் கேட்கிறேன். மறப்பதற்குள் இதை எழுதவேண்டும். பூமாலை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எதுவரைக்கும் எழுதினேன் என்று நான் கேட்டால் சொல்வாள்.

உன் கடுதாசியைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். தினம் எடுத்துப் படிக்கிறேன். படிக்கிறபோதெல்லாம் புதிதாகக் கோபம் வந்தது, இவள் ஏன் இப்படிப் பொய் எழுதுகிறாள் என்று. தீபாவளிக்கு எல்லோரும் வந்தார்கள். சம்பந்தி அம்சவள்ளியும் வந்திருந்தாள். சாப்பிடும்போது என்னவோ பேச்சு வந்து அம்சவள்ளி சிரித்தாள். வெற்றிலைப் பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வந்துவிட்டது.

காது குத்தும்போது குழந்தை அழுதது. அதைச் சமாதானம் செய்ய நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்படித்தான் தனுஷாவுக்குக் காது குத்தும்போது மழை பிடித்துக்கொண்டது, நம் தம்பி அம்மாசி வாழை இலையை அறுத்துவந்து குழந்தை தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றான், அவன் முதுகு நனைந்தது என்று. நீ குறுக்கே வந்தாய். அது தனுஷாவுக்கு இல்லை, என் மகள் கலையரசிக்கு என்றாய். தனுஷா பொறக்கறதுக்கு முன்னாடியே அம்மாசி செத்துட்டான், செத்தவன் வந்தா இலை புடிச்சான் என்றாய். அப்புறம் அம்சவள்ளி பக்கம் திரும்பி, “ரெண்டு காதுகுத்தையும் ஒரே காதுல குத்திட்டா பாருங்க சம்பந்தி” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். ஊசியைப் பிடித்திருந்த ஆசாரிகூடச் சிரித்தார்.

அம்மாசி செத்தது எனக்குத் தெரியும் அக்கா. அவனைக் குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றியவள் நான். ஆனால் அந்த நேரத்துக்கு அவன் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான். நீ போகச் சொன்னாய், போய்விட்டான்.

அப்புறம் வேன் பக்கம் வந்தேன். பையைக் கொடுத்தேன். நீ வரேன் என்றாய். நான் போ என்றேன். வா என்று சொல்ல வாய் வந்தது, நான்தான் மூடிக்கொண்டேன். நினைத்துத்தான் சொன்னேன். அன்றைக்கு நான் மறக்காமல் செய்த காரியம் அது ஒன்று.

முதலில் ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்பாய். அப்போது எனக்கு அது அப்படித்தான் இருந்தது. பொய் இல்லை.

தங்கதுரையிடம் சொன்னேன். “பெரிம்மாவ நான் வேணும்னுதான்டா சொன்னேன்” என்றேன். “சரிம்மா, சரிம்மா, மனசுல வச்சுக்காத” என்றான். அவன் நம்பவில்லை. மறதிக்காரி சொன்னதை மறதியிலேயே சேர்த்துவிட்டான். மன்னித்துவிட்டு முன்கதவுச் சாவியையும் வாங்கிக்கொண்டான். அந்தப் ‘போ’வையாவது மறதியில் சேர்க்காதீர்கள். அது நான் சொன்னது.

மார்கழி பிறப்பதற்குள் வந்து கூட்டிப்போகிறானாம்.

நலமா? பூமாலை உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

ஆயம்மாள்


திருநாவலூர்
29-11-2023

தங்கதுரைக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அம்மா வேண்டுமென்றேதான் சொன்னாள். எனக்கு எழுதியிருக்கிறாள், நடந்தது நடந்தபடி. சம்பந்தி சிரித்தபோது தலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரைக்கும் சரி. நான் அந்த இடத்தில் இருந்தவள், ஒரு எழுத்துத் தப்பில்லை என்று சொல்கிறேன்.

காது குத்தும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதை முதல் கடிதத்தில் நான் எழுதவில்லை. சொன்ன விஷயம் சரி. அம்மாசி இலை பிடித்தது என் மகளுக்குத்தான். ஆனால் சம்பந்தி எதிரில் சொன்னேன். அதற்குத்தான் அவள் அந்தப் ‘போ’வைக் கொடுத்தாள். நான் அவள் இடத்தில் இருந்தால் பையையும் கொடுத்திருக்கமாட்டேன்.

அவளுக்கு முடிவுதான் நிற்பதில்லை. அவளே எழுதியிருக்கிறாள், டாக்டரும் அதையேதான் சொன்னார். அப்படியானால் முடிவுக்கு ஆள் வை. காலையில் அடுப்பை அவள் பற்ற வைக்கட்டும், பூமாலை வந்து அணைக்கட்டும். அவள் எப்படியும் ஒரு நாளைக்கு நாலு தடவை அங்கே வருகிறவள்தான். ரெகுலேட்டரைப் பூமாலை வீட்டில் வை. பூமாலை ஊருக்குப் போகிற நாளில் இரண்டு வேளைச் சோறும் அங்கிருந்து கொடுத்துவிட்டுப் போகட்டும்.

உன் அம்மாவும் நானும் சண்டையில் இருக்கிறோம். இப்போதுதான் சரியாக ஆரம்பித்திருக்கிறது. உன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று நான் சொல்வதற்கு அங்கே அவளுக்கு ஒரு வீடு இருக்கவேண்டும். டயர் கடை மாடியில் இருக்கிறவளிடம் கோபித்துக்கொண்டு நான் எங்கே போகாமல் இருப்பது?

அவளை உளுந்தூர்பேட்டைக்கு வரச் சொல்லி நான் எழுதமாட்டேன். சரி சரி என்று அவளிடம் சொல்வதையும் நிறுத்துங்கள். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லுங்கள். ஆனால் சம்பந்தி எதிரில் சொல்லாதீர்கள்.

சாவியைக் கொடுத்துவிடு.

ராஜாம்பாள்


உளுந்தூர்பேட்டை
18-12-2023

பெரியம்மா அவர்களுக்கு தங்கதுரை வணங்கி எழுதுவது. இங்கு மழை, கடையில் வேலை கம்மி. உங்கள் முழங்காலுக்கு ஜெயசுதா ஒரு தைலம் வாங்கிவைத்திருக்கிறாள்.

பதில் எழுத நாளாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வீடு பற்றிக்கொண்டால் ஓடப்போகிறவன் நான்தானே, பெரியம்மாவுக்கு எழுதுவது சுலபம் என்று ஜெயசுதாவிடம் சொன்னேன். அவள்தான், தை வரைக்கும் பார்க்கலாங்க என்றாள். பூமாலை அக்காவும் ஒத்துக்கொண்டார்கள். வாத்தியாரிடம் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். தைக்கு அப்புறம் என்ன என்று இப்போது என்னால் சொல்லமுடியாது. டாக்டரும் போகப்போகத்தான் தெரியும் என்கிறார்.

சாவியைக் கொடுத்தேன். “இன்னாத்துக்குடா புடுங்குன, இன்னாத்துக்குக் குடுக்கற?” என்று கேட்டார்கள். என் பேரில் தப்பு என்றேன். “ஆமா, தப்புதான்” என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். இந்த வருஷத்தில் அம்மா அவ்வளவு சந்தோஷமாக என்னைத் திட்டி நான் பார்க்கவில்லை.

ஜெயசுதா உங்கள் பேச்சைக் கேட்டு, முந்தாநாள் நாங்கள் அங்கே போயிருந்தபோது, அத்தை நீங்க சொல்றது தப்பு என்று ஒன்றுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அம்மாவுக்கு அது நினைவில் இல்லை, இவள்தான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு வாருங்கள் பெரியம்மா. அம்மா தினமும் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மன்னித்துவிட்டேன் என்று நீங்களே ஒரு வரி எழுதினால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும்.

தங்கதுரை


திருநாவலூர்
4-1-2024

ஆயம்மாளுக்கு,

என் முழங்காலுக்குக் குறைவில்லை, வலிக்கும் குறைவில்லை. உன் மருமகள் வாங்கிய தைலத்தைப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். நீ மருந்தைப் பூமாலை கண்ணெதிரில் விழுங்கு. விழுங்கியது அவளுக்குத் தெரிந்தால் போதும்.

மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதும்படி தங்கதுரை கேட்டிருக்கிறான். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டான், அதனால் யார் யாரை மன்னித்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தங்கதுரையை மன்னித்தேன். நான் சொல்லாததை நான் சொன்னதாக உன்னிடம் சொன்னான். பயத்தில் சொல்லியிருக்கிறான். ஜெயசுதாவையும்தான், ரெகுலேட்டரைக் கழற்றியதற்கு. அவள் கழற்றவில்லை என்றால் இந்தக் கடுதாசியை வாங்க நீ இருந்திருப்பாயோ என்னவோ. அம்சவள்ளி சிரித்ததை விட்டுவிட்டேன். சிரிக்கும்படி சொன்னது நான். பூமாலை என் கடுதாசியை எல்லாம் படித்திருக்கிறாள். அவள் படிக்கவில்லை என்றால் நீ எதுவரைக்கும் எழுதினாய் என்று உனக்கு யார் சொல்வது, போகட்டும். அம்மாசி மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனான் என்று. இந்த வயதில் அதையும் விட்டாயிற்று. நாம் இரண்டு பேரும் கிழவியாகிவிட்டோம், அவன் மட்டும் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யார் குழந்தைக்குப் பிடித்தால் என்ன, பிடித்தான் இல்லையா.

உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் உன்னை மன்னித்துவிட்டார்கள். இதுவரைக்கும் செய்ததற்கு மட்டும் இல்லை, இனிமேல் செய்யப்போவதற்கும் சேர்த்து. நாளைக்கு நீ என்ன சொன்னாலும் அது நீ சொன்னதாக எழுதமாட்டார்கள். நான் எழுதுவேன். நீ போ என்றால் போ என்றாய் என்றுதான் என் மனதில் இருக்கும். பொங்கலுக்கு வருகிறேன். உன் வீட்டு வாசலில் நின்று நேராகக் கேட்பேன், நீயும் நேராகப் பதில் சொல். அன்றைக்குக் காலையில் உனக்கு எல்லாம் மறந்துபோயிருந்தால் முதலில் இருந்து நான் சொல்கிறேன், யார் யார் இருந்தார்கள் என்பதில் இருந்து. சொல்லி முடித்ததும் சண்டையை ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வருஷமும் இப்படியே வருவேன், என் கால் வரும்வரைக்கும்.

என் பிள்ளைகளிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் அம்மா சாகும்வரைக்கும் ஒருத்தியை மட்டும் மன்னிக்கவே இல்லை, அது யார் என்று கேட்கிறவர்களுக்கு முழுப் பெயரும் சொல்லவேண்டும் என்று. கச்சிராயபாளையம் தங்கதுரையின் அம்மா, அம்மாசிக்கு மூத்தவள், எனக்கு இளையவள், ஆயம்மாள்.